பல்லி வாய் திறக்கவில்லை

டாக்டர் சௌத்ரி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டால் வீடு போயிற்று.

வீரராகவனுக்கு அது தெரியும். பழைய வீட்டை இடித்து ஃபிளாட் கட்டும் புரமோட்டர் ஹால்தாருக்கும் தெரியும். அதனால்தான் அவர் இடுப்பில் புது செல்போனும் கையில் சந்தேஷ் மிட்டாய்ப் பெட்டியுமாக, கல்யாண வீட்டுச் சம்பந்தி மாதிரி கூடத்தில் காத்திருந்தார்.

விஷயம் இதுதான். பவானிபூரில் அந்தப் பழைய வீட்டுச் சுவரில் தொக்கோக் என்கிற பெரிய பல்லி ஒன்று இருந்தது. அரை முழ நீளம், நீல உடம்பு, செம்புள்ளி. பல்லிக் குலத்தின் ஜமீன்தார். பழைய வீடுகளெல்லாம் ஃபிளாட்டாக மாறிக்கொண்டிருந்த ஊரில், மிஞ்சிய பொந்துகளில் ஒண்டிக்கொண்ட ஜாதி. பெஹாலாவில் ஒன்று, டாலிகஞ்சில் ஒன்று, இங்கே ஒன்று. ஒன்றையொன்று பார்க்க வேண்டுமானால் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவே புகுந்து வர வேண்டும். பல்லிக்கு அந்தத் தைரியம் இல்லை.

இதைக் கண்ணால் கண்டவர் யாருமில்லை. போன கோடையில் பல்லிப் பாதுகாப்புக் கமிட்டி வந்தபோது, 'தொக்-கே!' என்று கணீரென்று ஒரு குரல் எழுந்தது. தலைவர் டாக்டர் சௌத்ரி சிலிர்த்துப்போய், வீட்டை இடிக்கத் தடை வாங்கிவிட்டார். இன்று மறுபரிசோதனை. குரல் கேட்டால் தடை நீடிக்கும். கேட்காவிட்டால், துறைமுக ஆபீஸ் குமாஸ்தா வீரராகவன் கல்யாணமான நாளிலிருந்து குடியிருக்கும் மாடிப் போர்ஷன் செங்கல் குவியல்.

"பொந்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் என்ன?" என்று கேட்டார் வீரராகவன்.

"அநாகரிகம், மோஷாய். நம் கமிட்டிக்குக் காதுதான் கண்," என்றார் டாக்டர். வங்காளத்தில் 'ஐயா'வுக்கு மோஷாய்.

மத்தியானத்திலிருந்து எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பல்லி மூச்சு விடவில்லை. கமிட்டியின் ஜீப் டிரைவர் முகமது இஸ்மாயில் மட்டும் வாசற்படியில் நின்று இருமிக்கொண்டிருந்தார். காயல்பட்டினத்துக் குடும்பம், கிதர்பூரில் பிறந்தவர்.

"என்ன பாய், ஐப்பசியிலேயே மஃப்ளரா?" என்றார் வீரராகவன்.

"தொண்டை கட்டிருச்சு சார்," என்று வெறும் காற்றாகச் சொல்லிவிட்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கீழே இறங்கிப் போனார் இஸ்மாயில்.

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "ரொம்ப வருத்தம், மோஷாய். இங்கே இனம் அழிந்துவிட்டது."

ஹால்தார் சந்தேஷ் பெட்டியின் நூலை அவிழ்க்கத் தொடங்கினார்.

"ஒரு நிமிஷம்! வயிறு சரியில்லை!" என்று வீரராகவன் குளியலறைக்குள் ஓடித் தாழிட்டார். வாளியைக் கவிழ்த்து ஏறி, வென்டிலேட்டரில் வாயை வைத்தார்.

"தொக்-கே!"

அடுக்களையில் அவர் மனைவி அனந்தலக்ஷ்மியின் விரல் தானாகத் தரையை மூன்று முறை தட்டியது. 'தென்மேற்கு. பந்துஜன வரவு' என்று வாய் பலனும் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகுதான், அது தினம் காலையில் பாசுரம் சேவிக்கிற குரல் என்று உறைத்தது.

"ஆஹா!" என்று டாக்டர் கண்ணை மூடினார். "முதிர்ந்த ஆண். ஜோடி கிடைக்காதது. குரலில் என்ன ஏக்கம்!"

அனந்தலக்ஷ்மி குளியலறைக் கதவை முறைத்தாள்.

வெளியே வந்த வீரராகவன், "அப்போ தடை நீடிக்குமில்லையா?" என்றார்.

"எப்படி நீடிக்கும்? ஒற்றை ஆண் ஓர் இனமாகுமா? பிடித்துப் பெஹாலாவில் விடுவோம். அப்புறம் இந்த வீட்டை யார் என்ன செய்தால் என்ன?"

நின்றுபோயிருந்த ஹால்தாரின் விரல்கள் மறுபடி நூலுக்குப் போயின. வீரராகவன் அடுக்களைக்கு ஓடினார்.

"அனந்து, நீயும் கூவு."

"ஏன்னா, ஆம்படையான் பல்லின்னா பொண்டாட்டியும் பல்லியா?"

"குடியிருக்க ஆம் வேணுமா, வேண்டாமா?"

அனந்தலக்ஷ்மி தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "காஞ்சீபுரத்துல தங்கப் பல்லியையே தொட்டவ நான். எனக்கென்ன பயம்!"

அவள் ஜன்னல் வழியே கூவியது தெருக்கோடி டீக்கடை வரை கேட்டது.

"பெண்!" என்று டாக்டர் துள்ளினார். "என்ன அதட்டல்! இனப்பெருக்க ஜோடி! இனி இங்கே குக்கர் விசில் கூடாது, பெருங்காய வாசனை கூடாது, மனித நடமாட்டமே கூடாது. குடித்தனக்காரர்கள் இந்த வாரமே காலி செய்ய வேண்டும்!"

"முழு ஒத்துழைப்பு தருகிறேன்," என்றார் ஹால்தார். காலி வீடு பாதி இடிந்த வீடு என்பது அவருடைய தொழிலின் அரிச்சுவடி. ஒரு சந்தேஷை எடுத்து டாக்டர் வாயிலேயே ஊட்டினார்.

வீரராகவனுக்குள் ஏதோ அறுந்தது. பெரிய ஆபீசர் முன்னால் குரல் உயர்த்திப் பேசியறியாத மனுஷர், நடுக்கூடத்தில் வந்து நின்றார்.

"டாக்டர்! அந்த ஆண் பல்லி நான்தான். அடுக்களையில இருக்கறது என் பொண்டாட்டி. காலி பண்ண மாட்டோம். எங்களைப் பிடிச்சு பெஹாலாவுல விட்டாலும், பஸ் பிடிச்சுத் திரும்பி வந்து இதே சுவத்துல ஒட்டிப்போம்!"

டாக்டர் சந்தேஷை விழுங்கிவிட்டுச் சிரித்தார். "முப்பது வருஷக் காது, மோஷாய். மனிதத் தொண்டையால் அது முடியாது."

"முடியாதா?" வீரராகவன் அவர் மீசைக்கு நேராக மூச்சை இழுத்தார். "தொக்-கே!"

"சே! மூக்கால் கூவுகிறீர்கள். சுத்த மதராஸ் உச்சரிப்பு."

அப்போதுதான் வெளிச்சுவர்ப் பக்கமிருந்து, கரகரவென்று, உடைந்து, ஆனால் சந்தேகமில்லாமல் வந்தது.

"தொக்... கே!"

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டும் மூடியிருந்தன.

"இது அசல்!" என்று டாக்டர் கூவினார். "உங்களுக்குப் பதில் சொல்கிறது! உங்களோடு பழகிவிட்டது, மோஷாய். நீங்கள் காலி செய்தால் ஏக்கத்திலேயே செத்துவிடும். தடையும் நீடிக்கட்டும், குடித்தனமும் நீடிக்கட்டும்!"

அங்கேயே கையெழுத்துப் போட்டார். ஹால்தார் பெட்டியை மூடிக்கொண்டு புறப்பட்டார். ஒரு சந்தேஷ் நஷ்டம்.

தம்மைக் காப்பாற்றிய ஜீவனை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டுமென்று வீரராகவன் கீழே ஓடினார். வென்டிலேட்டருக்கு நேர் கீழே ஜீப் நின்றது. பக்கத்தில் இஸ்மாயில், மஃப்ளரைத் தளர்த்திவிட்டு, வாயருகே குவித்த கைகளை இன்னும் இறக்காமல் நின்றார்.

"பாய்... போன கோடையிலயுமா?"

தலையாட்டினார்.

"பெஹாலா? டாலிகஞ்ச்?"

அதற்கும் ஆட்டினார். மஃப்ளரை இறுக்கிக்கொண்டு, இருந்த கொஞ்சம் குரலில் சொன்னார்:

"கிதர்பூர்ல எங்க வீட்டுல நிஜப் பல்லியே இருந்துச்சு சார், கமிட்டி வந்த அன்னிக்குப் பாத்து அது வாயைத் தொறக்கல, வீட்டோட அதுவும் போச்சு... அதுக்கப்புறம் இந்த வேலையை நான் பல்லிய நம்பி விடறதில்ல."