ஹீட்டர் செலவு: இல்லை

என் மனைவியின் ஒரே தம்பியாகிய மாப்பிள்ளைக்கு,

உன் அக்காள் கணவன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அக்காளும் சுகமாக இருக்கிறோம். ஆளுக்கு ஓர் அறையில் இருக்கிறோம். அங்கே நீயும் உன் வீட்டாரும் குளிருக்குக் குறைவில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பதினேழு வருடங்களுக்கு முன் ஒரு வாரத்துக்கென்று நீ எடுத்துப்போன என் அகராதியின் இரண்டாம் பாகமும் நலமாக இருக்கும் என நினைக்கிறேன்.

நிற்க. இருபத்தாறு வருடம் பாடப் புத்தகங்களில் மற்றவர்களின் பிழைகளைத் திருத்திய என்னை, அச்சகத்தை மூடி, ஐம்பத்து மூன்றாம் வயதில் ஒரு கைக்கடிகாரத்தோடு வீட்டுக்கு அனுப்பியபோது, நீ ஒரு பட்டியலோடு வந்தாய். "இந்த ஊர்ல நீங்க பட்டினி கிடக்கற காசுக்கு அந்த ஊர்ல ராஜா மாதிரி இருக்கலாம் மாமா" என்றாய். வாடகை, காய்கறி, வேலைக்கு ஆள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. நான்காவது வரி, 'ஹீட்டர் செலவு: இல்லை'. அதற்கு அடியில் இரட்டைக் கோடு வேறு. ஐந்தாவது, 'மின்சாரம்: கணக்கில் எடுக்க வேண்டியதில்லை'. நீ இந்த நாட்டில் கால் வைத்ததே இல்லை என்பதை விமானம் தரையிறங்கிய பிறகுதான் உன் அக்காள் சொன்னாள்.

வாடகை வரியில் பிழை இல்லை. அங்கே சைக்கிள் நிறுத்தக் கொடுத்த வாடகையில் இங்கே ஐந்து அறை வீடு. காற்று வருகிறது என்று உன் அக்காள் தையல் இயந்திரத்தோடு கிழக்கு அறைக்குப் போனாள். பூஞ்சை குறைவு என்று நான் புத்தகங்களோடு மேற்கு அறைக்குப் போனேன். நடுவில் ஒரு சாமான் அறை உட்பட மூன்று அறைகள் யாருமில்லாமல் கிடக்கின்றன. கூப்பிட்டால் கேட்காது என்பதால் சாப்பாடு தயார் என்பதை அவள் போனில் சொல்கிறாள். போன் கட்டணமும் மலிவுதான். முந்தாநாள் ஏதோ நினைவில் "யார் பேசறது?" என்று கேட்டுவிட்டேன், போனை வைத்துவிட்டாள். காய்கறி வரியும் சரி. ஓர் அன்னாசியின் விலையைக் கேட்டு, பேரம் பேச வெட்கப்பட்டு, கூடையோடு வாங்கி வந்து, நான்கு நாள் தின்று நாக்கு உரிந்து மருத்துவரிடம் போனேன். அவர் வாங்கிய கட்டணமும் கொஞ்சம்தான். மருந்து மட்டும் இறக்குமதி. அடுத்து குளியலறைக் குழாய் ஒழுகியது. வந்த குழாய்க்காரர் குழாயைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "சார் எங்கேருந்து வந்திருக்கீங்க?" சொன்னேன். "அடடா, இது பெரிய வேலையாச்சே, சுவரையே உடைக்கணுமே" என்றார். அதற்குள் உன் அக்காள் கிழக்கிலிருந்து வந்து, "அவருக்கு வேலை போயிடுச்சுங்க, அதான் இங்க வந்துட்டோம்" என்றாள். "அப்படியாம்மா? வாஷர் மாத்தினா போதும்" என்றார். போகும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அந்தத் தட்டலை உன் பெயருக்குக் கீழேதான் குறித்துவைத்திருக்கிறேன்.

நான்காவது வரிக்கு வருகிறேன். அங்கே இருந்த இரண்டு அறை வீட்டில் எங்களுக்கு ஒரு ஹீட்டர்தான் கட்டுப்படியாகும் என்பது உனக்குத் தெரியும். வரும்போதெல்லாம் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்து அதைக் குத்திக்காட்டியவன் நீ. குளிர் தொடங்கியதும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பேரும் உள்ளேயே இருந்துவிடுவோம். ஒரே மேஜை. அவள் பக்கம் கடைக்காரர் மடித்துத் தைக்கக் கொடுத்த கால்சட்டைகள், என் பக்கம் அச்சுத்தாள்கள், அடியில் முழங்காலோடு முழங்கால் இடிக்கும். எங்கள் வேலையில் ஒருவர் கையெழுத்துப் பிரதியை உரக்கப் படிக்க வேண்டும், மற்றவர் அச்சுத்தாளைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். படிக்கிற ஆளைச் சிக்கனம் என்று அச்சகத்தில் நீக்கிவிட்டார்கள். அதனால் சாயங்காலங்களில் உன் அக்காள் படித்தாள், கமா, முற்றுப்புள்ளி எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லி. "வெப்ப மண்டலத்தில் கமா ஆண்டு முழுவதும் கடும் வெயில் முற்றுப்புள்ளி. இந்த ஊருக்கெல்லாம் யாருங்க போவாங்க கேள்விக்குறி" என்பாள். எங்கள் மூச்சு படிந்து சன்னலில் தெரு தெரியாது. தெருவைப் பார்க்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியதும் இல்லை. ஏழாம் வகுப்புப் புவியியல் முழுவதும் அப்படித்தான் முடிந்தது. அந்த அச்சகத்திலிருந்து ஒரு பிழைகூட இல்லாமல் வெளிவந்த ஒரே புத்தகம். முன்னுரையில் மேலாளருக்கு நன்றி சொல்லியிருந்தார்கள்.

இங்கே வந்த ஏழு மாதத்தில் அவள் எனக்கு ஒரு வரி படித்ததில்லை. சண்டை ஒன்றும் இல்லை. இந்தப் புழுக்கத்தில் பக்கத்தில் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். ஞாயிறுதோறும் பழைய கோட்டுகளை வெயிலில் காயப்போடுகிறாள். கேட்டால் பூஞ்சைக்கு என்கிறாள். போன வாரம் என் கோட்டுப் பையில் கையை விட்டபடி வெகுநேரம் நின்றிருந்தாள். அன்று சாப்பிடும்போது பேச எதுவும் இல்லாமல் நாங்கள் இரண்டு பேரும் உப்பைப் பற்றிப் பேசினோம். இருபத்தெட்டு வருடக் குடித்தனத்தில் இப்படி நடந்ததில்லை. மாப்பிள்ளை, எனக்குப் பயமாக இருக்கிறது. இதை உன்னிடம் சொல்ல நேர்ந்ததற்காக உன்னை மன்னிக்க மாட்டேன்.

பழைய வீட்டுக்கார அம்மாள் இந்த மாதக் கடைசிவரை அந்த வீட்டை வேறு யாருக்கும் விடமாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். கடிதம் கண்டதும் போய் முன்பணம் கொடுத்துப் பிடித்துவை. உன் அக்காளிடம் பிறகு சொல்லிக்கொள்கிறேன். உன் பட்டியலைச் சிவப்பு மையில் அடித்துத் திருத்தி இத்துடன் வைத்திருக்கிறேன்.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் மனமார்ந்த ஆசிகள். மிச்சம் இருந்தால் உனக்கும்.

இப்படிக்கு,
உன் அக்காள் கணவன்

பி.கு.: இதை உறையில் போடுவதற்குள் ஏ.சி. மாட்டுகிறவர் வந்துவிட்டார். வரச் சொன்னது உன் அக்காள். ஐந்து அறைகளையும் சுற்றிப் பார்த்துவிட்டு, இந்த ஊரில் மின்சாரம் என்ன விலை என்று சொன்னார். உன் ஐந்தாவது வரியைக் காட்டினேன், உட்கார்ந்து சிரித்தார். "ஒண்ணுதான் சார் கட்டுப்படியாகும். இருக்கறதுலயே சின்ன ரூம்ல மாட்டிட்டு, கதவைச் சாத்தியே வைங்க" என்றார். இருப்பதிலேயே சின்னது சாமான் அறை, அதில் மாட்டிவிட்டுப் போனார். ஒரு மேஜையைப் போட்டதும் அறை முடிந்துவிட்டது. மாலையில் அவள் தையல் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள், நான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். முழங்கால் இடித்தது. மேஜைமேல் கிடந்த இந்தக் கடிதத்தை எடுத்து, யாருக்கு என்றுகூடக் கேட்காமல், கமாவும் முற்றுப்புள்ளியுமாக உரக்கப் படிக்க ஆரம்பித்தாள். 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்ற இடத்தில் நிறுத்தினாள். ஏதோ பிழை போலிருக்கிறது என்று எட்டிப் பார்த்தேன். "முற்றுப்புள்ளி" என்று சொல்லிவிட்டு, ஊசியை எடுத்து நூல் கோத்தாள். மூன்றாவது தடவைதான் நூல் உள்ளே போனது. பிறகு, "அன்னைக்கு நிஜமாவே உப்பு ஜாஸ்திதாங்க" என்றாள்.

ஆகவே வீட்டுக்கார அம்மாளிடம் போக வேண்டாம். பட்டியலில் நான் அடித்த வரிகளுக்கெல்லாம் அடியில் புள்ளிகள் வைத்திருக்கிறேன். அடித்ததைக் கண்டுகொள்ளாதே, இருந்தபடியே இருக்கட்டும் என்று எங்கள் தொழிலில் அதற்குப் பொருள். அகராதிக்குப் புள்ளி கிடையாது. அதை அனுப்பிவை.