தீவுக்கு நாலு நாள்

லீவு லெட்டரில் ‘காரணம்’ என்று போட்டிருந்த இடத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் வேம்புலி ஆபீஸ் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தான். முதல் லெட்டரில் உண்மையைத்தான் எழுதியிருந்தான். ‘ராமேஸ்வரம் தீவில் பறவைகள் பார்க்க நாலு நாள் லீவு வேண்டும்.’ மேனேஜர் இராமகிருஷ்ணன் படித்துவிட்டு, "ஏம்பா, உங்க அயனம்பாக்கம் ஏரியில காக்கா இல்லையா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஏரியில் காக்காவுக்குப் பஞ்சமில்லை. அதைத்தான் அவன் மனைவி நாகவல்லி பதினோரு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கல்யாணமான புதிதில் வாரப் பத்திரிகையில் வந்த ஒரு படத்தைக் கத்தரித்து அரிசி டப்பா மூடியின் உள்பக்கம் ஒட்டினாள். இரண்டு பக்கமும் கடல், நடுவில் மணல்திட்டு, அதில் நெட்டைக் காலோடு கூட்டம் கூட்டமாகப் பூநாரைகள். கூட்டிக்கொண்டு போகிறேன் என்று வேம்புலி மூன்று தரம் சத்தியம் செய்தான். மூன்று தரமும் லீவு கிடைக்கவில்லை. இந்தத் தடவை அவளே எழும்பூர் போய் வரிசையில் நின்று டிக்கெட் எடுத்துவிட்டாள். நாளைக்கு ரயில்.

"நீ வந்தா வா. வராட்டி நானும் கொயந்தையும் போறோம். திரும்பி வந்து எங்கப்பன் ஊட்லயே இருந்துக்கறோம்," என்று காலையில் சொன்னாள். சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பான். சோறு போட்டுக்கொண்டே நிதானமாகச் சொன்னாள்.

கம்பெனி நிலவரமும் நன்றாக இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு செய்கிற சின்னக் கம்பெனி. மொத்தம் அறுபத்திரண்டு பேர். மெஷின்களைக் கழற்றி ஓசூருக்குக் கொண்டுபோகப் போகிறார்கள் என்று தொண்ணூற்றொன்று தீபாவளியிலிருந்து ஒரு பேச்சு. அன்றிலிருந்து சங்கத்தில் கட்டுப்பாடு: ஷெட்டைக் காலியாக விடக் கூடாது. வேலை முடிந்த பிறகும் பத்துப் பேர் முறை வைத்து மெஷின் பக்கத்திலேயே படுத்தார்கள். பொங்கல்கூட உள்ளேயேதான் வைத்தார்கள். யார் முகத்திலும் களை இல்லை.

இரண்டாவது லெட்டரில் வேம்புலி பறவைகளைத் தூக்கிவிட்டான். ‘ராமேஸ்வரம் போக வேண்டியிருப்பதால்’ என்று மட்டும் எழுதி, கிளார்க் மனோகரனிடம் நீட்டினான். படித்ததும் மனோகரன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றான்.

"ராமேஸ்வரமா? யாருப்பா தவறிட்டாங்க?"

அவனைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. நம் பக்கத்தில் காற்று வாங்க ராமேஸ்வரம் போனவன் எவன்? செத்தவர்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யத்தான் போவார்கள். ‘யாரும் இல்ல’ என்று சொல்லத்தான் வேம்புலி வாயைத் திறந்தான். பாழாய்ப்போன வாய் வேறு சொன்னது.

"மாமனாரு."

"ஐயையோ. அவருக்குப் பையன் இல்லன்னு சொல்லுவியே. நீதான் எல்லாம் செய்யணுமா?"

வேம்புலி தலையாட்டினான். அவ்வளவுதான் அவன் செய்த தப்பு. இரண்டே நிமிஷத்தில் மேனேஜர் அறையை விட்டு வெளியே வந்து தோளில் கை வைத்தார்.

"நாலு நாள் போதுமாப்பா? ஒரு வாரமா எடுத்துக்கோ."

பன்னிரண்டு வருஷத்தில் அரை நாள் லீவைக்கூட முகம் சுளிக்காமல் கொடுக்காத மனுஷன். இவரைப் போய் எத்தனை தரம் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறோம் என்று வேம்புலிக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அதோடு கிளம்பியிருக்கலாம். அதற்குள் சங்கத் தலைவர் பக்தவத்சலம் ஷெட்டிலிருந்து ஓடிவந்தார்.

"மாலை போடாம உட்ருவமா வேம்புலி? வுடு, நாங்க வரோம்."

"வேணாம் தலைவரே. பாடிய நேத்தே எடுத்துட்டாங்க."

"அப்ப போட்டோக்குப் போடறோம்."

"ஊடு சின்னது."

"தெருவுல நிக்கறோம். இன்னா இப்போ?"

வேம்புலி கடைசி அஸ்திரத்தை எடுத்தான். "ஷெட்டு காலியாவக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

பக்தவத்சலம் யோசித்தார். அப்போது பார்த்து மேனேஜர் குறுக்கே பேசினார். "சாவு வீட்டுக்குப் போறதை நான் தடுப்பேனா? எல்லாரும் போயிட்டு வாங்க. கம்பெனி லாரியை எடுத்துக்குங்க. சம்பளம் பிடிக்கமாட்டேன். மெஷினை நான் பாத்துக்கறேன்."

ஷெட்டே உருகிவிட்டது. வாட்ச்மேன் நஜீரிடம் பணத்தைக் கொடுத்து, பெரிய மாலையாக வாங்கிவரச் சொல்லி மேனேஜரே அனுப்பினார். லாரியில் ஆள் ஏறுவதற்குள் வேம்புலி சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக் குறுக்குவழியில் பறந்தான்.

வீட்டு வாசலில் ஸ்டூல் போட்டு, பீடி பிடித்தபடி உட்கார்ந்திருந்தார் மாமனார் துலுக்கானம். நாலு நாள் வீட்டைப் பார்த்துக்கொள்ள, சேக்காட்டிலிருந்து படுக்கையோடு வந்திருந்தார்.

"மாமா, உள்ள போங்க."

"ஏன் நைனா? காத்து நல்லா வருது."

"நீங்க செத்துட்டீங்க."

நாகவல்லி துணி மூட்டை கட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். வேம்புலி மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னான்.

"எங்கப்பன சாவடிச்சிட்டு வந்து நிக்கிற. பறவை பாக்கன்னு எழுதக் கூடாதா?"

"அப்படித்தான் மொதல்ல எழுதினேன்."

அவள் அப்பாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்க் கட்டிலுக்கு அந்தப் பக்கம் உட்காரவைத்தாள். "செத்தவனுக்கு ஒரு டீ கெடைக்குமா?" என்று அவர் கேட்டார்.

லாரி வந்து நின்றது. அறுபது பேரும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தெருவில் தலைகுனிந்து நின்றார்கள். பக்தவத்சலம் வேம்புலியைக் கட்டிக்கொண்டு அழுதார். நாகவல்லி முகத்தைப் பார்த்துவிட்டு மற்றவர்களும் அழுதார்கள். அவள் முகம் நிஜமாகவே சாவு வீட்டு முகமாகத்தான் இருந்தது. இந்தப் பொய் எப்படியும் வெளியே வந்துவிடும், ரயில் இனி இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

உள்ளேயிருந்து இருமல் கேட்டது. பீடிப் புகை வந்தது. பின்னாலேயே துலுக்கானமும் வந்தார்.

"எனுக்கு எத்தினி பேர் வந்துகீறாங்கன்னு பாத்துட்டுப் போயிடறேன் நைனா," என்று தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "நெசமாவே செத்தாகூட இத்தினி பேர் வர மாட்டாங்க."

"யாரு இந்தப் பெரியவரு?" என்றார் பக்தவத்சலம்.

"எங்க தாத்தா," என்றாள் மகள் சாமுண்டீஸ்வரி. "அம்மாவோட அப்பா."

வேம்புலி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "லீவுக்காகச் சொல்ட்டேன் தலைவரே. இவளுக்கு அந்தத் தீவைக் காட்டணும். பதினோரு வருசமாச்சு."

பக்தவத்சலம் அடிப்பார் என்று எதிர்பார்த்தான். அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். "எங்கள ஏமாத்துனது கூட போவட்டும். அந்த மேனேஜர் எவ்ளோ நல்ல மனுசன். லாரி குடுத்தாரு, மாலைக்குத் துட்டு குடுத்தாரு. வா, போய் அவரு கால்ல உழு."

வேம்புலி தலையசைத்தான். எல்லாரும் ஒவ்வொருவராக லாரியில் ஏறத் தொடங்கினார்கள். அப்போது தெருமுனையில் நஜீர் சைக்கிளில் வருவது தெரிந்தது. ஹேண்டில்பாரில் ஆளுயர மாலை தொங்கியது.

"எங்க போயிட்ட நஜீர்? மாலை வேணாம் இனிமே," என்றார் பக்தவத்சலம்.

நஜீர் சைக்கிளை ஸ்டாண்டு போடக்கூட இல்லை. "மாலை வாங்கிகினு லாரில ஏறிக்கலாம்னு கம்பெனிக்குப் போனேன். கேட்டுல பூட்டு தொங்குது, லாக்அவுட்டுன்னு நோட்டீஸ் ஒட்டிகீது. உள்ள நாலு டிரெய்லரு நிக்குது, மெஷினக் கழட்டி ஏத்திகினு கீறாங்க."

"மேனேஜரு?"

"பக்கத்துலயே நின்னு பாத்துகினு கீறாரு. பின்னாடி ரோட்ல கிரேனு, டிரெய்லரு எல்லாம் பொங்கல்லேந்தே நின்னுகினு இருந்துச்சாம், கிரேன் டிரைவரு சொன்னான். உங்க எல்லாரையும் ஒண்ணா வெளிய அனுப்பறதுக்கு, யார் ஊட்லயாவது ஒரு சாவு உழுமான்னுதான் காத்துகினு இருந்தாங்களாம் அண்ணாத்தே."