வேட்டைக் குடிலின் கதவும் எங்கள் சங்கத்து ஓட்டும்

அன்புத் தம்பி ஃப்ளோரியனுக்கு அக்கா வாண்டா எழுதிக்கொண்டது. மாதாவின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், உன் மான் வேட்டைக் குடிலின் கதவைத் தவிர. அரிசோனா வெயிலில் உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நான் போன் செய்தால் நீ எடுப்பதில்லை, அதனால் கடிதம். ஐந்தாம் வகுப்போடு மாடு கறக்கப் போனவளின் எழுத்து இப்படித்தான் இருக்கும். நடுவில் கோபம் வந்தால் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மேலே படி.

கதவை நான் உடைக்கவில்லை, வண்டி உடைத்தது. வண்டியை ஓட்டியது நான், அது வேறு விஷயம். ஆனால் நான் ஏன் எழுபத்தாறு வயதில், வேட்டை ஆரம்பித்த மறுநாளே, மான் என்று யாரும் சுட்டுவிடாதபடி ஆரஞ்சுக் கோட்டு மாட்டிக்கொண்டு பனியில் அந்தக் காட்டுக்குப் போனேன் என்று நீ கேட்க வேண்டும். கேட்கமாட்டாய், நானே சொல்கிறேன். எல்லாம் அரசு ஊழியர் சங்கங்களின் கையைக் கட்டிப்போட்ட அந்தக் குளிர்காலத்துச் சட்டத்தால் வந்த வினை. என் பேத்தி கெல்சி போர்வையைச் சுருட்டிக்கொண்டு தலைநகர் மேடிசனுக்குப் போய்ச் சட்டசபைப் பளிங்குத் தரையில் படுத்தாளே, நீ உன் வாசலில் கவர்னர் பேர் போட்ட பலகையை நட்டாயே, வெள்ளிக்கிழமை மீன் விருந்தில் நான் உன் தட்டில் உருளைக்கிழங்கு வைக்க மறந்தேன் என்று நீ எழுந்து போனாயே, அதே சட்டம்தான். (மறக்கவில்லை, வேண்டுமென்றேதான் வைக்கவில்லை.) போலீஸுக்கும் தீயணைப்புக்காரர்களுக்கும் அதிலிருந்து விலக்கு, பள்ளிக்கூடத்தில் சூப் ஊற்றுகிற எனக்கு இல்லை. நீ போலீஸில் இருந்ததால் உனக்கு அது நல்ல சட்டமாகத் தெரிந்தது. போகட்டும், பழசைக் கிளறவில்லை.

கெல்சியைப் பற்றி உனக்குத் தெரியாது, ஏனென்றால் நீ கேட்பதில்லை. அவள் இப்போது பள்ளியில் வகுப்பு உதவியாளர் மட்டுமில்லை, எங்கள் சங்கத்துக்குத் தலைவி. சமையல்காரர்கள், பஸ் டிரைவர்கள், துப்புரவு ஆட்கள் எல்லோருக்கும் அவள்தான். பள்ளி நிர்வாகத்துக்காரர்களுக்கு எதிரே உட்கார்ந்து அவள் பேசுவதைப் பார்த்தால் நம் அம்மா உயிரோடு இல்லையே என்றிருக்கும். இத்தனைக்கும் சம்பளத்தைத் தவிர வேறு எதையும் பேசக்கூடாது, அதுவும் விலைவாசி ஏறின அளவுக்கு மேல் கேட்கக்கூடாது என்று அவள் வாயில் பூட்டுப் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தப் பூட்டோடு இவ்வளவு பேசுகிறாள் என்றால் பூட்டில்லாமல் எப்படிப் பேசியிருப்பாள், யோசித்துப் பார். முன்பெல்லாம் தேர்தல் வந்தால் இரண்டு கட்சிக்காரர்களும் எங்கள் சங்கக் கூடத்துக்கு வந்து நான் சுட்ட பான்கேக்கைக் கேட்டுக் கேட்டு வாங்கித் தின்பார்கள். இப்போது ஒருத்தரும் எட்டிப் பார்ப்பதில்லை. சங்கத்தில் ஆள் குறைந்தால் பான்கேக்கில் ருசியும் குறைந்துவிடுமா?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சங்கம் உயிரோடு இருக்கலாமா என்று வருஷா வருஷம் போனில் ஓட்டெடுக்கிறார்கள். போட்டவர்களில் பாதிக்கு மேல் கிடைத்தால் போதாது, வேலையில் இருக்கிற எல்லோரிலும் பாதிக்கு மேல் ‘வேண்டும்’ என்று சொல்ல வேண்டும். மறந்தவன், தூங்கினவன், மான் பின்னால் போனவன் எல்லோரும் ‘வேண்டாம்’ கணக்கு. நாளை மத்தியானத்தோடு ஓட்டு முடிகிறது. யார் போட்டார்கள், யார் போடவில்லை என்று கெல்சிக்கும் சொல்லமாட்டார்கள். இழுபறி என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். தோற்றால் அவளுக்கு அந்த மேசைக்கு முன்னால் நாற்காலி இல்லை. எங்கள் சமையலறையை வெளியூர்க் கம்பெனிக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபடுகிறது. நாற்காலியும் போய்விட்டால் அதை எங்களுக்கு யார் வந்து சொல்வார்கள்? இந்தப் பெண் இரண்டு வாரமாய்ச் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா செய்கிற அந்தப் பியரோகிக் கொழுக்கட்டை செய்தேன், ஒன்றைக் கடித்துவிட்டு ஜன்னலைப் பார்க்கிறாள்.

நான் முதல் நாளே போட்டுவிட்டேன். முதல் ஆள் நான்தான் என்று பந்தயம் கட்டுவேன். போனில் ஒரு மெஷின் பெண் வந்து என் அடையாள நம்பரைக் கேட்டாள். ‘வேண்டும்’ என்றால் ஒன்றை அழுத்து என்றாள், அழுத்தினேன். உடனே ‘நீங்கள் அழுத்தியது ஒன்று’ என்று நான் செய்ததை எனக்கே சொல்ல ஆரம்பித்தாள். சொன்னதையே திருப்பிச் சொல்கிறவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது, என் கல்யாண வாழ்க்கையிலேயே அதைப் போதுமான அளவு கேட்டாயிற்று. வைத்துவிட்டேன். படித்தவர்கள் அரை மணி நேரம் திணறுகிற வேலை, எனக்கு ஒரு நிமிஷம்.

ஆனால் டிரைவர்களும் துப்புரவு ஆட்களும், உன் மகன் ரோமன் உட்பட, லீவு போட்டுவிட்டு உன் குடிலுக்குப் போய்விட்டார்கள். அங்கே போனில் சிக்னல் எடுக்காது. ‘போட்டுட்டுத்தான் போயிருப்பாங்க பாட்டி’ என்று கெல்சி வாயால் சொன்னாள், முகம் வேறு சொன்னது. அதனால் நேற்று பூசை முடிந்ததும் அவள் போனை வாங்கிக்கொண்டு வண்டியை எடுத்தேன். குடிலுக்கு முன்னால் நின்று ஹாரன் அடித்தேன். உள்ளே ரேடியோவில் பேக்கர்ஸ் ஃபுட்பால் ஆட்டம், ஒரு பயலுக்கும் காது கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் கிட்டே போய் அடிக்கலாம் என்று பார்த்தேன், கீழே ஐஸ், வண்டி நிற்கவில்லை. கதவு உள்ளே போய் விழுந்தது. சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் கையில் சீட்டோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். பஸ் ஓட்டுகிற எல்ராய்தான் முதலில் வாயைத் திறந்தான்.

“வாண்டா அக்கா, தட்டியிருந்தா திறந்திருப்போமே!”

“தட்டினதுதான்டா இது. யாரெல்லாம் ஓட்டுப் போட்டீங்க, கையத் தூக்குங்க.”

ஒரு கையும் எழும்பவில்லை. ரோமன் மெதுவாகச் சொன்னான்: “அத்தை, அப்பா ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம். நான் எதுக்கு நடுவுல? யாருக்கும் மனசு கஷ்டம் வேணாம்னுதான் போடாம விட்டுட்டேன்.”

“போடாம விட்டா ‘வேண்டாம்’னு எழுதிக்குவாங்கடா, கழுதை!”

“சும்மா இருந்தாலுமா?”

“சும்மா இருக்கறதுதான் அதுல பெரிய ஓட்டே.”

எல்ராய் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். “இந்தக் கணக்கப் பார்த்தா நம்ம தொகுதி சட்டசபை உறுப்பினரே ஜெயிச்சிருக்க மாட்டாரே அக்கா. அவர் தேர்தலன்னைக்குப் பாதி ஊரு வீட்டுலதான படுத்திருந்துச்சு.”

“அதை அவருகிட்டப் போய்ச் சொல்லு. இப்ப வண்டியில ஏறு.”

எல்லோரும் ஏறினார்கள், ரோமன் மட்டும் ஏறவில்லை. விழுந்த கதவின் மேல் நின்றுகொண்டு, “நான் போடறேன் அத்தை. ஆனா கதவு விஷயத்தை அப்பாவுக்கு நீங்களே எழுதணும். என்னை மாட்டிவிடக் கூடாது” என்றான். இதற்குப் பெயர்தான் பேச்சுவார்த்தை, ஃப்ளோரியன். உன் கவர்னர் தடுக்காத ஒன்று இன்னும் நம் வீட்டில் மிச்சம் இருக்கிறது. ஒத்துக்கொண்டேன். இந்தக் கடிதத்தின் காரணம் அதுதான்.

சரளைக் குழி மேட்டில்தான் போன் எடுக்கும். அத்தனை பேரையும் அங்கே ஏற்றிக் கொண்டுபோய் நிறுத்தினேன். கீழே யாரோ காலையிலிருந்து காத்திருந்த கிளைக்கொம்பு மான் எங்கள் சத்தத்தில் ஓடிப்போயிற்று, அதற்கும் என்னைத்தான் திட்டினார்கள். குளிரில் போன் பேட்டரி வேறு இறங்கிக்கொண்டே வந்தது. அதனால் நான் பக்கத்தில் நின்று, “ஒண்ணு அழுத்து, வை, அடுத்தவன் வா! அவ பேசறதையெல்லாம் கேட்டுட்டு நிக்காத!” என்று ஒவ்வொருத்தனையும் விரட்டினேன். பள்ளியில் சூப் வரிசையை நகர்த்துகிற கை அல்லவா இது. கடைசி ஆள் ரோமன் அழுத்தி வைத்ததும் பேட்டரி தீர்ந்தது. திரும்பி வந்து கெல்சியிடம் சொன்னேன். என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், பிறகு நாலு பியரோகி சாப்பிட்டாள். சங்கத்தைக் காப்பாற்றியது யார் என்று ஊரில் கேட்டால் நான் சொல்லமாட்டேன், பிறர் சொல்லட்டும்.

ஆகவே உன் கதவை நான் சரி செய்து தரப்போவதில்லை. அந்தச் சட்டத்துக்குக் கை தட்டினாய் அல்லவா, காற்று கொஞ்சம் உள்ளே வரட்டும். உனக்கும் உன் முழங்காலுக்கும் மாதாவின் ஆசி எப்போதும் உண்டு. வெயிலில் தொப்பி போட்டுக்கொள். உன் மனைவிக்கு என் முத்தங்கள், உனக்குப் பாதி.

இப்படிக்கு,
உன் அக்கா வாண்டா

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் கெல்சி சமையலறையில் நின்று யாருக்கோ போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்: “அது திருப்பிச் சொல்லும். முழுசாக் கேட்டுட்டு மறுபடியும் ஒண்ணு அழுத்தணும். அழுத்தாம வெச்சுட்டா ஓட்டு சேராது.” நாக்கில் ஒட்டிய உறையை எடுக்க மறந்து நின்றேன். பிறகு போனைத் தூக்கிக்கொண்டு சரக்கறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அந்த மெஷின் பெண் சொன்னதையெல்லாம் கடைசி வரை கேட்டேன். மறுபடி ஒன்று அழுத்தினேன். நன்றி என்றாள். பரவாயில்லை என்றேன். இப்போதுதான் என் ஓட்டு சேர்ந்திருக்கிறது, முதல் ஆள் என்று மேலே எழுதியதை அடித்துவிடு.

வெளியே வந்தால் கெல்சி நிற்கிறாள். “பாட்டி, மேட்டுல எத்தனை பேர்கிட்ட ‘வை, அடுத்தவன் வா’ன்னு சொன்னீங்க?”

“எல்லார்கிட்டயும்தான்.”

அவள் ஆணியில் தொங்கிய ஆரஞ்சுக் கோட்டை எடுத்து என்னிடம் நீட்டினாள், தன் கோட்டை மாட்டிக்கொண்டாள். வெளியே மறுபடி பனி கொட்டுகிறது. இப்போதே கிளம்புகிறோம், இரண்டு போன் எடுத்துக்கொண்டு. ரோமன் இன்னொரு பேச்சுவார்த்தை கேட்பான். அப்பாவோடு பேசுங்கள் என்று கேட்டால் நான் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும், ஆகவே போன் அடித்தால் எடு. சங்கத்தைக் காப்பாற்றியதாக எழுதியதையும் அடித்துவிடு. கதவையும் புதிதாகப் போட்டுத் தருகிறேன், ஆனால் இந்த ஓட்டு முடிந்த பிறகு. இன்றைக்கு அது விழுந்தே கிடக்கட்டும், நின்று தட்டிக்கொண்டிருக்க நேரமில்லை.