சாவிக்கொத்தில் ஒரு பித்தளை டோக்கன்

பத்துப் பேர் ஒரே புரோகிராமில் கை வைத்தால் அது புரோகிராம் இல்லை, கல்யாண மண்டப வாசலில் கிடக்கும் செருப்புக் குவியல். எவன் எதை மாட்டிக்கொண்டு போனான் என்றே தெரியாது. தொண்ணூறுகளின் கடைசியில், தங்கச் சுரங்க ஊரான ஆண்டர்சன்பேட்டையில் நான் வேலை பார்த்த சின்ன கம்ப்யூட்டர் கம்பெனி அப்படித்தான் இருந்தது. நான் காலையில் திருத்தியதை மத்தியானம் ஒருவன் தன் பழைய கோப்பைப் போட்டு அழிப்பான். நான் கத்துவேன். (எனக்கு அப்போது ஒழுங்காக வந்த ஒரே வேலை அதுதான்.)

சரிசெய்தவர் எங்கள் லீடர் ஸ்டெல்லா. எல்லாக் கோப்புகளையும் ஒரே மெஷினில் வைத்து, யார், எப்போது, ஏன் மாற்றினார் என்று பதிவுசெய்யும் மென்பொருளைப் போட்டார். அதோடு விட்டாரா? சுரங்கத்தில் இறங்குகிறவன் போர்டிலிருந்து பித்தளை டோக்கனை எடுத்துப்போய், மேலே வந்ததும் திரும்ப மாட்டுவான். அதேபோல் கோப்புக்கு ஒரு டோக்கன் செய்து ஆணியில் மாட்டிவிட்டார். டோக்கன் வைத்திருப்பவர் மட்டுமே அந்தக் கோப்பைத் தொடலாம்; மென்பொருளிலும் அது அவர் பேரில் பூட்டியிருக்கும். இது ஆபீசா, சுரங்கத்தில் இறங்கும் ஷாஃப்டா என்று நக்கலடித்தேன். ஒரே மாதத்தில் சண்டை நின்றது. கத்துவதற்குக் காரணம் கிடைக்காமல் நான்தான் திண்டாடினேன்.

ஒரு சனிக்கிழமை சம்பளக் கணக்குக் கோப்பை எடுத்துத் திருத்தினேன். திருத்தியதை என் மெஷினிலேயே விட்டு, அந்தப் பொது மெஷினில் சேர்க்காமலே கிளம்பிவிட்டேன். டோக்கன் என் சாவிக்கொத்தில். திங்கட்கிழமை பெங்களூர்க்காரர்கள் வந்து அந்தப் புரோகிராமைப் பார்த்துச் சரி என்றால்தான் கம்பெனி பிழைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்கெலட்டன் என்கிற சுரங்கக் குடியிருப்பில் எனக்குப் பெண் பார்க்கும் படலம். பட்டு வேட்டியில் உட்கார்ந்து பஜ்ஜியைக் கடிக்கிறேன், ஸ்டெல்லா உள்ளே வருகிறார். எங்கள் அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

“டோக்கனை எடுத்துக்கினு வந்துட்டீங்க.”

“பூட்டை உடைச்சி என் மெஷின்ல இருக்கிறத எடுத்துக்க வேண்டியதுதானே? எல்லாம் முடிச்சாச்சி,” என்றேன் வீறாப்பாக.

“உடைக்கலாம். ஆளு உள்ள இருக்கான்னு போர்டு சொல்லுது. ஆளு மேல வராம நான் ஷாஃப்டை மூட மாட்டேன்.”

பெண்ணின் அப்பா எழுந்துவிட்டார். சுரங்கத்தில் ஆட்களை இறக்கி ஏற்றும் கேஜை ஓட்டி ஓய்வு பெற்றவர்.

“டோக்கன் மாட்டாமயா வந்துட்டாரு? எங்க லெவல்ல ஒருத்தன் இப்டித்தான் போனான். ஷிஃப்டு முழுக்க அவன் பொணத்தைத் தேடுனோம். அவன் ஊட்ல கறிசோறு துன்னுக்கினு இருந்தான். பொண்ணு எங்கயும் ஓடிடாது. போயி மாட்டிட்டு வாங்க.”

ஸ்டெல்லாவின் மொபெட்டுக்குப் பின்னால், வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, கடைத்தெரு முழுக்கப் பார்க்க ஆபீசுக்குப் போனேன். கோப்பைத் திறந்தேன். சோதனைக்காக ஓவர்டைம் கணக்கை நீக்கியிருந்தேன். திரும்பச் சேர்க்கவே இல்லை. முடித்துவிட்டதாக அங்கே சபையில் சொன்னவன் நான். ஸ்டெல்லா திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கீபோர்டை என் பக்கம் நகர்த்தினார். நானாக இருந்தால் தெருவுக்கே கேட்கக் கத்தியிருப்பேன். சேர்த்தேன், மாற்றிய காரணத்தை எழுதினேன், டோக்கனை மாட்டினேன். திங்கட்கிழமை வந்தவர்கள் சரி என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகு பெரிய பெரிய கம்பெனிகளைப் பார்த்துவிட்டேன். அந்த ஆணி போர்டின் ஒழுங்கு எங்கேயும் இல்லை. அந்த அம்மா மாதிரி ஒரு லீடரும் எனக்கு வாய்க்கவில்லை.

அன்று நான் திரும்பிப் போனபோது பஜ்ஜி ஆறியிருந்தது. பெண் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “மாட்டிட்டீங்களா?” இன்றும் நான் வேலை முடிந்து வந்தால் கதவைத் திறந்து அதைத்தான் கேட்கிறாள். பதில் சொன்னால்தான் உள்ளே விடுவாள். ஊரையே அதட்டுகிற நான் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொல்கிறேன்: “மாட்டிட்டேன்மா.”