ஊளைக்கு விழிக்கும் பானை

ஒரு காட்டில் (எந்தக் காடு என்று மட்டும் கேட்காதீர்கள், சொன்னால் அங்கேயும் பானை விற்கக் கிளம்பிவிடுவார்கள்) மூக்கையா என்றொரு நரி இருந்தார். நரிக்குப் போய் 'இருந்தாரா' என்று முகத்தைச் சுளிக்க வேண்டாம். வேட்டைக்கார வம்சம். மதிப்பான குடும்பம். அந்தக் காட்டு நரிகளுக்கு வேட்டைதான் கௌரவம். வேட்டையாடாத வீட்டில் பெண் எடுக்கவும் மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள்.

ஆனால் மூக்கையாவுக்குக் கோழியைக் கண்டால் குலை நடுங்கும். குட்டியாக இருந்தபோது ஓர் அடைகோழி மூக்கிலேயே ஒரு போடு போட்டது. அன்றோடு வேட்டை முடிந்தது. அதற்கப்புறம் அவர் வயிறு நிறைவதெல்லாம் இலந்தைப்பழத்தால்தான். வெளியே தெரியுமா? தெரியாது. புதருக்குள் உட்கார்ந்து பழத்தைத் தின்றுவிட்டு, எங்கேயோ கிடந்த கோழி இறகை மீசையில் ஒட்டிக்கொண்டு, பெரிதாக ஓர் ஏப்பம் விட்டபடி வளைக்குத் திரும்புவார். மனைவி வெள்ளையம்மாவுக்கும் மகள் பூவாயிக்கும் மட்டும்தான் விஷயம் தெரியும்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் வாலப்பன் என்ற குரங்கு ஒரு பானையோடு வந்து சேர்ந்தது.

"அண்ணாச்சி, இது சும்மா பானை இல்ல, அறிவுப் பானை. உள்ள என்ன இருக்கு, எவ்வளவு இருக்கு, எப்பத் தீரும், எல்லாத்தையும் வாயைத் திறந்து சொல்லும். இதுக்குக் கண்ணு இருக்கு, காது இருக்கு."

"காது எதுக்குப்பா பானைக்கு?" என்றார் மூக்கையா.

"நீங்க கூப்பிட்டா முழிக்கணும்ல?"

"அப்ப நாங்க பேசுறதையெல்லாம் நீங்க கேப்பீங்களோ?"

"சேச்சே! நாங்க எதுக்குக் கேக்கப் போறோம்? பானைதான் கேக்கும்."

இந்தப் பதிலில் மூக்கையாவுக்கு முழுத் திருப்தி. உங்களுக்கும் எனக்கும் கூட இதே பதிலைச் சொல்லித்தானே விற்றார்கள்? குரங்கு கேட்டபடி மூக்கையா ஈரமண்ணில் கால்தடம் பதித்துக் கொடுத்தார். எதற்குத் தடம் கேட்டார்கள் என்று அவரும் கேட்கவில்லை, குரங்கும் சொல்லவில்லை.

"எந்தச் சத்தத்துக்கு முழிக்கணும்னு சொல்லுங்க அண்ணாச்சி, பழக்கிவிட்டுட்டுப் போறேன்."

இங்கேதான் மூக்கையா தன் மூளையைக் காட்டினார். பேர் சொல்லிக் கூப்பிடுவது என்று வைத்தால் கிளி, மைனா எது வேண்டுமானாலும் கூப்பிட்டு உளவு பார்த்துவிடும். "ஊளை!" என்றார். "எந்தப் பறவை வந்து ஊளையிடும்? பார்த்துருவோம்!"

குரங்கு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. ஏன் சிரித்தது என்று அப்போது அவருக்குப் புரியவில்லை. காட்டில் எல்லா நரி வளையிலும் பானை வந்துவிட்டது. ஒண்டிமுத்து என்ற ஒரே ஒரு நரி மட்டும், "என் வளைக்குள்ள எனக்கு இருக்கிற காது போதும்" என்று குரங்கை விரட்டிவிட்டார்.

பானை நன்றாகத்தான் வேலை பார்த்தது. பொழுது சாய்ந்ததும் ஒரு நரி ஊளையிட்டால் எல்லா நரியும் ஊளையிட வேண்டும், அது அவர்கள் வழக்கம். மூக்கையா வளைக்குள் பானை பக்கத்திலேயே உட்கார்ந்து ஊளையிடுவார். அந்தக் கூச்சலுக்குள் பானை, "எசமான், இலந்தைப்பழம் பாதிதான் இருக்கு" என்று கணக்கு ஒப்பிக்கும். வெளியே ஒரு ஈ காக்கைக்குக் கேட்காது. என்ன சாமர்த்தியம் பாருங்கள்!

ஆனால் சில நாளில் வாசலில் ஒரு மைனா வந்து நின்றது. "ஐயா, இலந்தவடை வேணுமா? உங்களுக்குப் பிடிக்குமே!"

மூக்கையாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எனக்கா? யார் சொன்னா?"

"யாரும் சொல்லலைங்க. அதுவாத் தெரிய வந்துச்சு."

மைனா போனதும் அவர் பாய்ந்துபோய்ப் பானையின் கண்ணில் மண்ணை அப்பினார். காதில் ஆவாரம் இலையைக் கசக்கித் திணித்தார். "ஐயோ வெள்ளையம்மா, இது நம்ம மானத்தை வித்துத் தின்னுடும் போலிருக்கே! தூக்கி ஓடையில போட்டுரலாமா?"

"போடுங்க, போட்டுட்டு என்ன பதில் சொல்லுவீங்க? நாளைக்குப் பூவாயியைப் பொண்ணு பார்க்க வராங்க. வளையில ஒரு பானை கூட இல்லையான்னு மூக்குல விரலை வைப்பாங்க."

வருவது யார்? எதிர்ச்சரிவுக் கோட்டைச்சாமி. அவர் பேச்சைக் கேட்டால் புலியே ஒதுங்கி வழிவிடும். மகன் மாயழகு தங்கமான பிள்ளை. ஓடைக்கரையில் பூவாயியும் அவனும் பார்த்துப் பேசி ரொம்ப நாளாகிறது.

"அப்பா," என்றாள் பூவாயி, கண் கலங்கியிருந்தது. "இந்த இடம் தட்டிப்போச்சுன்னா நான் வேற யாரையும் கட்டிக்க மாட்டேன். பழம், கிழம்னு எதையாவது உளறி வைக்காதீங்கப்பா."

மூக்கையா உடனே ஒரு வழி கண்டுபிடித்தார். பட்டப்பகலில் எந்த நரியும் ஊளையிடாது. எல்லாம் வளைக்குள் சுருண்டு தூங்கும். ஊளை இல்லை என்றால் பானையும் விழிக்காது. "ஜோசியர் ஆந்தை உச்சிவெயில்தான் நல்ல நேரம்னு குறிச்சுக் கொடுத்திருக்கார்" என்று சொல்லி அனுப்பினார். பகலில் கண்ணே தெரியாத ஆந்தை எதைப் பார்த்துக் குறித்தது என்று யாரும் கேட்கவில்லை.

உச்சிவெயிலில் கோட்டைச்சாமி மகனோடு வந்தார். வலது முன்காலை லேசாக இழுத்து இழுத்து நடந்தார். "நேத்து ஒரு காட்டுப்பன்னியை அமுக்கினேன், அதுல பட்டது" என்றார். மூக்கையா மீசையிலிருந்த இறகைத் தடவிக்கொண்டார். வெள்ளையம்மா தேக்கிலையில் ஒரு நண்டை வைத்துக் கொண்டுவந்து வைத்தாள். யாருக்கும் அதைக் கொல்லத் தைரியம் வராததால் நண்டு உயிரோடுதான் இருந்தது. கோட்டைச்சாமி அதைப் பார்த்தார். நண்டும் அவரைப் பார்த்தது.

"இப்பதான் ஒரு ஆட்டை முடிச்சுட்டு வந்தோம், வயித்துல இடமில்ல" என்றார் அவர் அவசரமாக. நண்டு இலையைவிட்டு இறங்கி, நிதானமாக வாசல் வழியே நடந்து போனது. ஒருவரும் தடுக்கவில்லை.

"பொண்ணு எங்களுக்குப் பிடிச்சிருக்கு சம்பந்தி. அறிவுப் பானையும் வெச்சிருக்கீங்க. வேற என்ன வேணும்?" கோட்டைச்சாமி எழுந்து நின்று மூக்கை வானத்துக்குத் தூக்கினார். "அப்ப நிச்சய ஊளை போட்டுருவோம்."

மூக்கையா பதறி எழுந்தார். நிச்சய ஊளை! பகலா ராத்திரியா என்று பார்க்காமல், சம்பந்தம் முடிவான நொடியில் பையன் வீட்டார் போடுகிற ஊளை. பரம்பரை பரம்பரையாக இருக்கிற வழக்கம் அவருக்கு மறந்தே போய்விட்டது. "சம்பந்தி, இருங்க, தொண்டை..." என்று அவர் ஆரம்பிப்பதற்குள் கோட்டைச்சாமி, "ஊஊஊ!" என்று இழுத்துவிட்டார்.

ஒரு நரி போட்டால் எல்லா நரியும் போட வேண்டுமே. தூக்கத்திலிருந்தவை எல்லாம் படுத்த இடத்திலேயே ஒரு ஊளை போட்டுவிட்டுத் திரும்பிப் படுத்தன. காடு அமைதியானது.

அந்த அமைதியில்தான் பானை பேசியது. காதில் இலை அடைத்திருந்ததால், ஊரே செவிடாகிவிட்டது என்று நினைத்துத் தொண்டை கிழியக் கத்தியது. "எசமான்! இலந்தைப்பழம் சுத்தமாத் தீர்ந்துபோச்சு! மூணு வேளையும் அதையே தின்னா எப்படி? இலந்தவடை சொல்லிவிடட்டுமா?"

பூவாயி முகத்தை மூடிக்கொண்டாள். வெள்ளையம்மா சுவரைப் பார்த்தாள். மூக்கையா இதோடு செத்தோம் என்று கண்ணை மூடிவிட்டார்.

கண்ணை மூடியதால் காது நன்றாகக் கேட்டது. பக்கத்து வளையிலிருந்து ஒரு குரல்: "எசமான், நாவல்பழம் புளிச்சுப்போச்சு!" அதற்கடுத்த வளையிலிருந்து: "எசமான், கிழங்கு தீரப்போகுது!" காடு முழுக்க, வளைக்கு வளை, அடைத்த காதோடு பானைகள் அலறின. பானையை எழுப்ப எல்லா நரியும் ஊளையைத்தான் வைத்திருந்தது. எல்லா வீட்டிலும் ஆவாரம் இலைதான்.

கடைசியில் எதிர்ச்சரிவிலிருந்து கணீரென்று ஒரு குரல் வந்தது. "கோட்டைச்சாமி எசமான்! சீதாப்பழம் தீர்ந்துபோச்சு! நேத்துக் கோழிக்குப் பயந்து ஓடிக் கால் சுளுக்கிக்கிட்டீங்களே, அதுக்குத் தைலம் சொல்லிவிடட்டுமா?"

கோட்டைச்சாமி இழுத்து இழுத்து நடந்த காலை மெதுவாகப் பின்னால் மறைத்துக்கொண்டார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"சம்பந்தி... அந்த இலந்தவடை, காரமா இருக்குமா?"

"வாய்க்கு நல்லா இருக்கும் சம்பந்தி!" என்று மூக்கையா அழுதுகொண்டே சிரித்தார். மாயழகு முதல் முறையாக வாயைத் திறந்து, "எனக்கும் பிடிக்கும் மாமா" என்றான். பூவாயி துள்ளி எழுந்து மைனாவைத் தேடி ஓடினாள்.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. பழங்களே விருந்து. காட்டில் இப்போது யாருக்கும் எந்த ரகசியமும் இல்லை, எல்லோரும் கொழுகொழுவென்று இருக்கிறார்கள். வாலப்பன் பானைக்கு மூடி கொண்டுவந்து விற்றுப் பார்த்தது. சீந்துவார் இல்லை.

ஒண்டிமுத்து மட்டும்தான் பாவம். காட்டிலேயே நிஜமாக வேட்டையாடித் தின்கிற ஒரே நரி அவர்தான். அவர் மகளுக்கு இன்னும் வரன் அமையவில்லை. கேட்டால், "பானை வைக்காத வீடு. உள்ளே என்ன தின்கிறார்களோ, யார் கண்டது?" என்கிறார்கள்.

நீதி: ஒட்டுக்கேட்கும் பானை ஒரு வீட்டில் இருந்தால் மானம் போகும், எல்லா வீட்டிலும் இருந்தால் சம்பந்தம் கூடும்.