கிள்ளானில் பிறந்த அகதிகள்

என் தம்பி சேகர் ஒரு பொய்யன்.

ஒவ்வொரு தீபாவளிக்கும் வீட்டுக்கு வருகிறவர்களிடம், முறுக்குத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு இந்தக் கதையைச் சொல்கிறான். கடைசியில் "நான் அப்பவே சொன்னேன் லா, அக்காதான் கேக்கல" என்று முடிக்கிறான். அவன் எதையும் சொல்லவில்லை. எச்சரிக்கை என்று ஒரு வார்த்தைகூட அவன் வாயிலிருந்து வரவில்லை. அதனால் நடந்ததை இந்தப் பத்திரிகையில் நானே எழுதிவிடுகிறேன். (அவன் சொல்வதைவிட உண்மை மோசம். பரவாயில்லை.)

தொண்ணூறுகளின் கடைசி. எனக்கு இருபத்தாறு வயது. மலேசியாவில், கிள்ளானை ஒட்டிய மேருவில் ஒரு கையுறைத் தொழிற்சாலை அலுவலகத்தில் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா. பள்ளியின் கடைசிப் பரீட்சையான ஐந்தாம் படிவத்தில் ஆங்கிலத்துக்கு ஏ வாங்கியவள். அதை யாராவது கேட்பார்களா என்று ஒன்பது வருடமாகக் காத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை.

சேகர் அப்போது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் சைபர் கஃபே வைத்திருந்தான். எட்டுக் கணினி. அதில் ஆறு வேலை செய்யும். காலையில் ஈ காக்கா வராது. அந்தப் பக்கம் குடியிருந்த இலங்கை அகதிகள் சிலர், வெளிநாட்டிலிருக்கும் சொந்தங்களுக்கு ஈமெயில் அனுப்ப வருவார்கள். அவர்களுக்குத் தட்டத் தெரியாது. சேகர்தான் தட்டிக்கொடுப்பான். ஒருநாள் எனக்குப் போன் செய்தான்.

"அக்கா, இவங்களுக்கு இங்கிலீஷ் வேணுமாம். வெளிநாட்டுக்காரன் இன்டர்வியூக்குக் கூப்பிடப் போறானாம். காலையில கம்ப்யூட்டர் சும்மாதானே கெடக்கு, ப்ரீயா குடுக்கிறேன். நீ அங்கேருந்தே ஈமெயில்ல பாடம் நடத்து."

ஒன்பது வருடத் தவம் பலித்தது. சரி என்றேன்.

முதல் நாள் மட்டும் நேரில் போய்ப் பார்த்தேன். மூன்று பேர். கந்தையா ஐயாவுக்கு அறுபத்தொரு வயது, ஊரில் தபாலகத்தில் வேலை பார்த்தவர். குலம் கொத்தனார், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். மூன்றாவது மலர் அக்கா. அவருடைய கணவர் மூன்று வருடத்துக்கு முன்பே ஒரு குளிர்நாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். மலர் அக்காவும் ஐந்து வயது மகளும் இங்கே மாட்டிக்கொண்டார்கள். அந்தப் பிள்ளைக்கு அப்பாவின் முகம் போட்டோவில் பார்த்துத்தான் தெரியும். அந்த நாட்டு அதிகாரி கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சரியாக இருந்தால் தாயும் மகளும் போகலாம். சரியில்லை என்றால் இன்னும் எத்தனை வருடமோ, யாருக்கும் தெரியாது.

இவ்வளவு பெரிய விஷயத்தை என் கையில் கொடுத்தார்கள். நானும் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

அதன் பிறகு எல்லாம் கணினி வழியாகத்தான். முதலாளி தொழிற்சாலைக்குள் சுற்றப்போகும் நேரம் பார்த்து நான் மேருவில் தட்டுவேன். அவர்கள் பிரிக்பீல்ட்ஸில் படிப்பார்கள். கந்தையா ஐயா ஒரு விரலால் எழுத்தெழுத்தாகத் தேடி எனக்குக் 'குட் மார்னிங்' அனுப்புவார். அது வந்து சேரும்போது நான் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருப்பேன். அவர்கள் பேசும் ஆங்கிலத்தை நான் ஒருமுறைகூடக் காதால் கேட்டதில்லை. "பாடமாயிற்றா?" என்று தட்டுவேன். "எஸ் டீச்சர்" என்று வரும். எனக்கு அது போதும்.

நேர்காணல் கடிதம் வந்தது. மூன்று பேருக்கும் ஒரே நாள், ஒரே அதிகாரி. இரண்டு வாரம் இருந்தது.

இங்கே நான் கற்ற ஆங்கிலத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் டியூஷனில் கட்டுரை என்றால் மனப்பாடம். ஆசிரியர் ஒரு மாதிரிக் கட்டுரை கொடுப்பார். அதை உருப்போட்டு, பெயரையும் இடத்தையும் மட்டும் மாற்றி எழுதவேண்டும். சுற்றுலா, மழைநாள், பள்ளி விளையாட்டுப் போட்டி, எந்தத் தலைப்பு வந்தாலும் நான் ஒரே கட்டுரையைத்தான் எழுதினேன். அதில்தான் ஏ. எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

ஆகவே 'என்னைப் பற்றி' என்று ஒரு மாதிரி எழுதி அனுப்பினேன். யாருடைய வாழ்க்கையை எழுதுவது? கைக்கு வந்தது என் வாழ்க்கை. நான் கிள்ளானில் பிறந்தேன். என் அப்பா லோரி ஓட்டுகிறார். எனக்கு ஒரு தம்பி, பெயர் சேகர், அவன் சோம்பேறி. எங்கள் வீட்டில் ஒரு பூனை இருக்கிறது, பெயர் பாபி. நான் எதிர்காலத்தில் தாதியாக, அதாவது நர்ஸாக, விரும்புகிறேன். இப்படி இருபது வாக்கியம்.

'விவரங்களை உங்களுடையதாக மாற்றிக்கொள்ளுங்கள்' என்று மேலே ஒரு குறிப்பும் போட்டேன். அந்தக் குறிப்பை ஆங்கிலத்தில் போட்டேன். (அதுவும் ஒரு பயிற்சியாக இருக்கட்டுமே என்றுதான். சிரிக்காதீர்கள்.)

சேகர் அதைப் படித்தான். உடனே போன் வந்தது. "என்னை ஏன் சோம்பேறின்னு போட்ட?" அவ்வளவுதான் கேட்டான். அவன் கொடுத்ததாகச் சொல்லும் எச்சரிக்கை இதுதான்.

மூன்று பேருக்கும் இன்னொரு அறிவுரையும் தட்டி அனுப்பினேன். "மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நேராக ஆங்கிலத்தில் பேசினால் அதிகாரி அசந்துபோவார்."

அசந்துபோனார்.

நேர்காணல் அன்று வயிற்றுப்போக்கு என்று முதலாளியிடம் பொய் சொல்லிவிட்டுக் கோலாலம்பூருக்குப் போனேன். காத்திருக்கும் கூடத்தில் வரிசையாக நாற்காலிகள். மூலையில் வயதான ஒரு தமிழர் தமிழ்ப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். மொழிபெயர்ப்பாளர் அவர்தான். மூன்று பேரும் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்ததால் அவருக்கு வேலை இல்லை. அவரைப் பார்க்கவே எனக்குப் பெருமையாக இருந்தது.

முதலில் குலம் உள்ளே போனார். பத்தே நிமிடத்தில் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வந்தார். அடுத்து கந்தையா ஐயாவைக் கூப்பிட்டார்கள்.

"ஒரு இடத்திலையும் தடக்கேல்லை டீச்சர்," என்றார் குலம். "மழை மாதிரிச் சொன்னன். அந்த அதிகாரி அம்மா கண் இமைக்கேல்லை."

"அப்படியா! எங்கே, எனக்கும் சொல்லுங்க பாப்போம்."

குலம் கைகட்டி நிமிர்ந்து நின்றார். "ஐ வாஸ் போர்ன் இன் கிள்ளான். மை ஃபாதர் ட்ரைவ்ஸ் எ லோரி."

முதலாளியிடம் சொன்ன பொய் உண்மையாகிவிடும் போலிருந்தது.

"குலம் அண்ணே! நீங்க எங்க கிள்ளான்ல பொறந்தீங்க?"

"நான் பருத்தித்துறை, டீச்சர்."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"நீங்கள்தானே தந்தனீங்கள்?"

பக்கத்தில் இருந்த மலர் அக்கா பொறுமையாக விளக்கினார். "டீச்சர், நாங்கள் வாற வழியிலை, எங்களைக் கூட்டியந்த ஏஜென்சிக்காரன் ஒரு பேப்பர் தந்தவன். பேர், ஊர், அப்பா பேர் எல்லாம் அதிலை இருந்தது. ஏன் எண்டு கேக்கக்கூடாது. பாடமாக்கிச் சொல்லோணும். அப்பிடிச் சொல்லித்தான் உயிரோடை இஞ்சை வந்து சேந்தனாங்கள். நீங்களும் ஒரு பேப்பர் தந்தீங்கள். நாங்களும் ஏன் எண்டு கேக்கேல்லை."

பரீட்சைக்காக மனப்பாடம் செய்தவள் நான். அவர்கள் உயிர் பிழைப்பதற்காக மனப்பாடம் செய்தவர்கள். எனக்கும் அவர்களுக்கும் தாள் ஒன்றுபோலத்தான் இருந்திருக்கிறது.

அதற்குள் கந்தையா ஐயா வெளியே வந்தார். "தாதி எண்டு சொன்னவுடனை அவ தண்ணி குடிச்சவ, டீச்சர். நல்ல சகுனமோ?"

"நெக்ஸ்ட்" என்று கூப்பிட்டார்கள். மலர் அக்கா எழுந்தார். நான் அவர் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, அதைச் சொல்லாதீங்க! எல்லாத்தையும் மறந்துடுங்க! அது என் கதை!"

"இரண்டு கிழமையாய்ப் பாடமாக்கினதை இப்ப மறக்கச் சொல்லுறீங்களோ?"

"ஆமா! உங்களுக்கு என்னா வருதோ அதைச் சொல்லுங்க!"

மலர் அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். அது ஒரு மாணவி ஆசிரியையைப் பார்க்கும் பார்வை இல்லை. என் கையிலிருந்த முந்தானையை உருவி, தோளில் சரிசெய்துகொண்டு உள்ளே போனார்.

பத்து நிமிடம். இருபது நிமிடம். நான் நகத்தைக் கடித்து முடித்து விரலுக்கு வந்துவிட்டேன். மலர் அக்காவின் பிள்ளையின் முகம் திரும்பத் திரும்பக் கண்ணுக்குள் வந்தது. அப்பாவைப் பார்க்க முடியாமல் போனதற்குக் காரணம் மேருவிலிருக்கும் ஒரு கிராணி என்று அது வளர்ந்த பிறகு தெரிந்துகொள்ளும். உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையா சிரிப்பா என்று கதவு வழியாகத் தெரியவில்லை.

நாற்பது நிமிடம் கழித்துக் கதவு திறந்தது. மலர் அக்காவுக்கு முன்னால் அந்த அதிகாரியே வந்தார். நெடுநெடுவென்று உயரமான வெள்ளைக்காரப் பெண். கூடம் முழுவதையும் பார்த்துவிட்டு, சத்தமாக ஒன்று கேட்டார்.

அவர் கேட்டது இதுதான்: "இங்கே சேகரின் அக்கா யார்?"

நான் எழுந்து நின்றேன். எல்லாவற்றையும் விளக்கிவிட வேண்டும். இவர்கள் பொய்யர்கள் இல்லை, தப்பு என்னுடையது, மாதிரி என்னுடையது, குறிப்பை ஆங்கிலத்தில் போட்ட முட்டாள் நான். இதையெல்லாம் ஆங்கிலத்தில் சொல்லவேண்டும். ஏ வாங்கிய ஆங்கிலம். வாயைத் திறந்தேன்.

"ஐ வாஸ் போர்ன் இன் கிள்ளான்," என்றேன்.

அதிகாரி காத்திருந்தார். வேறு எதுவும் வரவில்லை. தலைக்குள் தேடினால் இருபது வாக்கியம்தான் கிடந்தது.

"மை ஃபாதர் ட்ரைவ்ஸ் எ லோரி."

மூலையில் மொழிபெயர்ப்பாளர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

"தமிழ்ல சொல்லுமா. நான் அவங்களுக்குச் சொல்லிடறேன்."

சொன்னேன். அழுதுகொண்டே தமிழில் சொன்னேன், அவர் ஆங்கிலத்தில் சொன்னார். அன்று அவர் மொழிபெயர்த்தது எனக்கு மட்டும்தான். பாபி என்ற பூனை உண்மையிலேயே இருக்கிறதா என்று அதிகாரி கேட்டார். இருக்கிறது என்றேன். அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை. சுவரில் கைவைத்துச் சிரித்தார். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னதை மொழிபெயர்ப்பாளர் எங்களுக்குச் சொன்னார்.

"கடைசியா உள்ள போன அம்மா தன் கதையைச் சொல்லிட்டாங்களாம், அவங்கக்கிட்ட கேக்க வேற கேள்வி இல்லையாம். மத்த ரெண்டு பேரும் அடுத்த வாரம் வரணும். தமிழ்ல பேசணும். அப்புறம், டீச்சர் வரக்கூடாதாம்."

மலர் அக்காவும் மகளும் அந்த வருடமே போனார்கள். பழைய சுபாங் விமான நிலையத்தில் அல்ல, புதிதாகத் திறந்திருந்த செப்பாங் நிலையத்தில் வழியனுப்பினோம். அந்தப் பிள்ளை போட்டோவைக் கையில் பிடித்துக்கொண்டு, எதிரே வருகிற ஆண்களின் முகத்தையெல்லாம் அதோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே போனது. இங்கே இருக்கமாட்டார் என்று நாங்கள் சொன்னதைக் கேட்கவே இல்லை. கந்தையா ஐயாவும் குலமும் அடுத்த வருடம் போனார்கள். குலம் அங்கே சொந்தமாகக் கட்டடக் கம்பெனி வைத்திருக்கிறார்.

எனக்கு மிஞ்சியது இதுதான்: எங்கள் குடும்பத்தில் யாராவது அடுத்தவன் சொன்னதை அப்படியே ஒப்பித்தால், உடனே ஒருவர் "நீ கிள்ளான்ல பொறந்தியா?" என்று கேட்பார். என் மகன் பள்ளியில் தேசிய தினப் பேச்சை மனப்பாடமாகச் சொன்னபோது என் கணவரே கேட்டார். என் மகன் உண்மையிலேயே கிள்ளானில் பிறந்தவன். குழம்பிப்போனான்.

ஆனால் எனக்கு ஒன்று தெரியவேண்டும். மலர் அக்கா, உங்களிடம்தான் கேட்கிறேன். பேசத் தெரியாத ஆங்கிலத்தில், மாதிரி இல்லாமல், மொழிபெயர்ப்பாளர் இல்லாமல், நாற்பது நிமிடம் அந்தப் பெண்ணிடம் என்ன சொன்னீர்கள்? நீங்கள் பட்டதைச் சொன்னீர்களா? என்னைப் பற்றிச் சொன்னீர்களா? அந்தச் சத்தம் சிரிப்பா, அழுகையா? ஒவ்வொரு தீபாவளிக்கும் போனில் கேட்கிறேன். "அது பெரிய கதை பிள்ளை" என்று சொல்லிவிட்டு, பலகாரம் சுட்டாச்சா என்று பேச்சை மாற்றுகிறீர்கள். இந்தப் பத்திரிகை உங்கள் மகள் வழியாக உங்களுக்கு வருகிறது என்று எனக்குத் தெரியும். இனிப் போனில் கேட்கமாட்டேன். பதிலை இதே பக்கத்தில், எல்லோரும் படிக்க, உங்கள் பெயர் போட்டு எழுதுங்கள். நான் சொல்லிக்கொடுத்தது எதுவும் அதில் இருக்கக்கூடாது.