கூடத்தில் முப்பத்தொன்பது டிகிரி

"இனிமே இந்த வீட்டுல அபிப்பிராயத்துக்கு இடமில்ல. அளவுக்குத்தான் இடம்!"

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நான் இப்படி அறிவித்தேன். வீட்டில் இருப்பது இரண்டே பேர். ஆக, அறிவிப்பைக் கேட்டது ஒருவர். அந்த ஒருவரும் தையல் மிஷினை நிறுத்தவில்லை.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். முப்பத்துநான்கு வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எழுதியவன். தெருவில் எனக்குப் பெயரே 'ரீடிங்'. மீட்டரில் கைவைத்தவர்களைக் கண்டுபிடிப்பதில் நான் புலி. எத்தனை பேரைப் பிடித்தேன், எப்படிப் பிடித்தேன் என்பதையெல்லாம் சாப்பிடும்போது மனைவியிடம் சொல்வேன். ஒவ்வொரு சம்பவத்தையும் அவள் குறைந்தது பத்துத் தடவை கேட்டிருப்பாள். அதுதான் எனக்கே வினையாகப் போகிறது என்று அப்போது தெரியாது.

ஓய்வு பெற்று இரண்டு கோடை ஆகிறது. வெயில் வருடாவருடம் பதவி உயர்வு வாங்கிக்கொண்டிருந்தது. சர்வீஸ் முழுக்க எனக்குத்தான் ஒன்றுகூட வரவில்லை. எங்கள் கூடம் மேற்குப் பார்த்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் சோபாவில் சாய்ந்தால் முதுகு வறுபடும். படுக்கையறைக்கு மேலே மொட்டைமாடி, அதைப் பற்றிப் பேசவே வேண்டாம். வீட்டில் குளுகுளுவென்று இருப்பது வடக்குப் பக்கத்துச் சின்ன அறை மட்டும்தான். ஜன்னலுக்கு வெளியே பெரிய மரம், நாள் முழுக்க நிழல். அந்த அறையில் என் மனைவி துணி தைக்கிறாள்.

ஒருமுறை நேரடியாகவே கேட்டுப் பார்த்தேன்.

"இங்க பாரு, மத்தியானம் ஒரு ரெண்டு மணி நேரம் அந்த ரூமை எனக்கு விட்டுக் குடேன்."

"எதுக்கு?"

"தூங்கத்தான்."

"நான் வேலை செய்யற எடத்துல நீங்க தூங்கறதுக்கா?"

"கூடம் கொதிக்குதும்மா."

"எனக்குந்தான் கொதிக்கும். எல்லாம் வெள்ளைத் துணிங்க. வேர்வைக் கை பட்டா கறை போகவே போகாது. ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள நாப்பத்திரண்டு யூனிஃபார்ம் முடிக்கணும்."

பேச்சுவார்த்தை முறிந்தது.

அந்தச் சமயத்தில்தான் மகளிடமிருந்து பார்சல் வந்தது. வேறொரு ஊரில் வேலை பார்க்கிறாள். கடும் வெயில் வரப்போகிறது என்றால் முன்கூட்டியே எல்லாருடைய போனுக்கும் எச்சரிக்கை அனுப்புகிற அலுவலகம். பதினொன்றிலிருந்து நாலு வரை வெளியே போகாதீர்கள் என்று அனுப்புவார்கள். ஜனங்களும் சமர்த்தாக வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள். இருந்து, வீட்டுக்குள்ளேயே மயங்கி விழுந்தார்கள். அதனால் இந்த வருடம் வீட்டுக்குள் எந்த இடத்தில் எவ்வளவு சூடு என்று அளக்கலாம் என்று ஆயிரம் வீடுகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் ஒன்று எங்கள் வீடு.

பார்சலில் மூன்று வெள்ளைக் கருவிகள், ஒவ்வொன்றும் சோப்பு டப்பா அளவு. சுவரில் மாட்டினால் போதும். அளவு போனுக்கும் வரும், மகளுடைய அலுவலகத்துக்கும் போகும். முப்பத்தெட்டு டிகிரியைத் தாண்டினால் போனில் சிவப்பு விளக்கு. ஒரு பெண் குரல் வேறு எச்சரிக்கும்.

கூடத்தில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று, வடக்கு அறையில் ஒன்று மாட்டினேன்.

"சமையல்கட்டுக்கு?" என்றாள் மனைவி.

"அது எப்படியும் சூடாத்தான் இருக்கும். அதுக்கு எதுக்கு அளவு?"

அவள் மிஷினுக்குத் திரும்பிப் போனாள்.

அன்று மாலையே ஒரு நோட்டில் சட்டம் எழுதினேன். எந்த அறையில் சிவப்பு வருகிறதோ, அங்கே இருப்பவர் குளிர்ந்த அறைக்கு மாறிக்கொள்ளலாம். குளிர்ந்த அறையில் இருப்பவர் முணுமுணுக்காமல் இரண்டு மணி நேரம் இடம் கொடுக்க வேண்டும். கூடத்தில் நான் பார்க்கும் வேலைகள், அதாவது வாசல் மணி அடித்தால் கதவைத் திறப்பது முதலியன, நடுவில் நிற்கக்கூடாது அல்லவா? ஆகவே, சிவப்பு அறையில் பாதியில் நிற்கும் வேலையை இடம் கொடுத்தவரே தொடர வேண்டும். அவள் உடனே பழிக்குப் பழி என்று அறையைத் திருப்பிக் கேட்டுவிடக் கூடாதே என்று, ஒரு நாளைக்கு ஒரு மாற்றம்தான் என்றும் சேர்த்தேன். ஓட்டை விழாத சட்டம்.

மனைவி இரண்டு தடவை படித்தாள்.

"எந்த ரூமா இருந்தாலும் இதுதானா?"

"எந்த ரூமா இருந்தாலும்."

"யாரா இருந்தாலும்?"

"சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்!"

துணியில் அளவு குறிக்கும் நீலச் சாக்குக்கட்டியாலேயே கையெழுத்துப் போட்டாள். இவ்வளவு சுலபமாகச் சம்மதித்தாளே என்று எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சந்தோஷம் வந்தது.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம் நிலைத்தது. கூடத்தில் முப்பத்தாறு, முப்பத்தாறரை. ஒரு நாள் முப்பத்தேழு வரை ஏறிவிட்டு இறங்கிவிட்டது. நான் கருவிக்கு முன்னால் நின்று, "ஏறு, ஏறு" என்று கெஞ்சினேன். சர்வீஸில் எத்தனையோ பேர் என் முன்னால் நின்று, மீட்டர் ஏறக்கூடாது என்று வேண்டிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். ஏறச் சொல்லி வேண்டிக்கொண்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

எட்டாம் நாள் என் கை தப்புச் செய்தது. ஒன்றே முக்காலுக்கு அடுப்பில் வெந்நீர் வைத்தேன்.

"இந்த வெயில்ல வெந்நீரா?" என்றாள் மனைவி.

"தொண்டை கரகரங்குது."

டம்ளர் நிறைய ஊற்றிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். கருவிக்குக் கீழே ஒரு சின்னப் பலகை, அதன் மேல் கடிகாரம். கடிகாரத்துக்குப் பின்னால், கருவியை ஒட்டினாற்போல, டம்ளரை வைத்தேன். சரியாக இரண்டு மணி. போன் பேசியது.

"எச்சரிக்கை. கூடம். முப்பத்தொன்பது டிகிரி."

இனிமையான குரல். நான் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வடக்கு அறை வாசலில் போய் நின்றேன். மனைவி என்னைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். பாதி தைத்த சட்டைகளை அள்ளிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். நான் மரநிழலில் படுத்தேன், படுத்ததுதான் தெரியும்.

ஐந்து நாள் இப்படி நடந்தது. என் வாழ்க்கையில் அப்படித் தூங்கியதில்லை. ஐந்தாம் நாள் மட்டும் நடுவில் தண்ணீர் குடிக்க எழுந்தேன். சமையல்கட்டு வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து அவள் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தையலுக்கும் கையை முந்தானையில் துடைத்துவிட்டு ஊசியைப் பிடித்தாள். வெள்ளைச் சட்டை கறையாகிவிடக் கூடாதாம். எனக்குச் சுருக்கென்றது. நாளையிலிருந்து வேண்டாம் என்று முடிவே செய்துவிட்டேன். திரும்பிப் போய்ப் படுத்ததும் முடிவும் என்னோடு தூங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை மகள் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டேன். மனைவி ஊசியில் நூல் கோத்துக்கொண்டே பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்பா, ஒரு சந்தேகம். உங்களை விட்டா இதைக் கேக்க ஆளில்ல."

யாருக்குத்தான் உச்சி குளிராது?

"கேளும்மா!"

"ஆயிரம் வீட்டுல ஒரு வீட்டு அளவு மட்டும் புரியல. ரெண்டு மணி வரைக்கும் முப்பத்தாறு. ரெண்டு அடிச்சதும் ஒரே தாவா முப்பத்தொம்பது. ரெண்டேகாலுக்கு முப்பத்தெட்டு. ரெண்டரைக்கு முப்பத்தேழு. மூணு மணிக்கு மறுபடி முப்பத்தாறு."

"தினமுமா?"

"தினமும். அச்சு மாதிரி."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஒரு விஷயத்தை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு மணிக்கு முப்பத்தொன்பது என்ற குரலைக் கேட்டதோடு சரி, அதற்குப் பிறகு போனை நான் பார்த்ததே இல்லை. தூங்குகிறவன் எப்படிப் பார்ப்பான்?

"அம்மாடி, இது திருட்டு! வெயிலா இருந்தா கொஞ்சம் கொஞ்சமா ஏறும், கொஞ்சம் கொஞ்சமா எறங்கும். ஒரு நாள் கூடும், ஒரு நாள் கொறையும். தெனம் ஒரே நேரத்துல ஒரே அளவு வந்தா அது மீட்டர் இல்ல, கை!"

"என்ன பண்றாங்கன்னு நெனைக்கறீங்க?"

"சூடான எதையோ பக்கத்துல வைக்கறான். எறங்கறதைப் பாத்தா... தண்ணி! ஆறிப்போற தண்ணி! ஒரு டம்ளர் வெந்நீர், அவ்வளவுதான். சரியான சோம்பேறி, புதுசா யோசிக்கக்கூட இல்ல."

"அப்படிப்பட்டவரை என்ன செய்யலாம்பா?"

"எங்க ஆபீஸ்ல மன்னிப்பே கெடையாது. மீட்டரை அங்கேருந்து கழட்டிடுவோம். அந்த ஆள் எட்டிக்கூடப் பாக்காத எடத்துல கொண்டுபோய் மாட்டிடுவோம்."

மனைவி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"எட்டிக்கூடப் பாக்காத எடத்துலயா?"

"ஆமா, அதான் முறை!"

அவள் முக்காலியை எடுத்துப் போட்டு ஏறினாள். கடிகாரத்துக்குப் பின்னால் கையை விட்டாள். முந்தின நாள் டம்ளர் கையோடு வந்தது. உள்ளே ஆறிப்போன தண்ணீர். அதை என் கையில் கொடுத்துவிட்டு, கருவியைக் கழற்றிக்கொண்டு நேராகச் சமையல்கட்டுக்குப் போனாள்.

"எந்த வீடும்மா அது?" என்று மகளிடம் ஈனக்குரலில் கேட்டேன்.

"வெச்சிடறேன்பா, மீட்டிங் இருக்கு" என்றாள். ஞாயிற்றுக்கிழமை என்ன மீட்டிங்கோ!

மறுநாள் காலை பதினொரு மணிக்கு மனைவி சமைக்கப் போனாள். அந்த நேரத்தில் வடக்கு அறை காலியாகத்தான் இருக்கும். நான் பேப்பரோடு போய் உட்கார்ந்தேன். சரியாகப் பன்னிரண்டு மணி.

"எச்சரிக்கை. சமையலறை. நாற்பத்திரண்டு டிகிரி."

மனைவி வேர்வை வழிய வந்தாள். ஒரு கையில் என் நோட்டு, இன்னொரு கையில் கரண்டி.

"காய் பாதி வெந்திருக்கு. பாதியில நின்ன வேலையை எடம் குடுத்தவங்க தொடரணும். உங்க கையெழுத்துதானே?"

"இப்ப நான்தானே சிவப்பு ரூமுக்குப் போறேன்? அப்ப நான் திரும்ப இங்க..."

"ஒரு நாளைக்கு ஒரு மாற்றம்தான்."

ஓட்டை விழாத சட்டம் என்று முன்பே சொன்னேன் அல்லவா?

சமையல்கட்டில் இரண்டு மணி நேரம் நின்றேன். சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. மூக்கு நுனியிலிருந்து வேர்வை சொட்டியது. இந்த அறை இவ்வளவு சூடு என்று இத்தனை வருடத்தில் எனக்கு யாரும் சொல்லவில்லையே என்று நினைத்தேன். சொல்லியிருக்கிறாள். டிகிரியில் சொல்லவில்லை, அதனால் என் காதில் ஏறவில்லை. வெட்கமாக இருந்தது. அதை அவளிடம் போய்ச் சொல்லலாம் என்று பார்த்தால், அவள் ஜில்லென்ற அறையில் மிஷினோடு பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். வெட்கத்தை ஒத்திவைத்தேன்.

எங்கள் சமையல்கட்டு அளவைப் பார்த்து மகளின் அலுவலகமே ஆடிப்போய்விட்டதாம். ஆயிரம் வீட்டிலும் ஒருவர்கூட அங்கே கருவி மாட்டவில்லை. உடனே எல்லா வீட்டுக்கும் செய்தி போயிற்று: ஒரு கருவியைச் சமையலறைக்கு மாற்றுங்கள். யோசனை சொன்னவர் என்று மனைவிக்கு ஒரு நன்றிக் கடிதமும் வந்தது. என்னைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. நல்லவேளை என்று நினைத்துக்கொண்டேன்.

இப்படியே ஒன்பது நாள். கரண்டியும் கையுமாக என்னைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், "என்ன ரீடிங், டிரான்ஸ்ஃபரா?" என்று ஜன்னல் வழியாக விசாரித்துவிட்டுப் போனார்.

பத்தாம் நாள் காலை போனில் செய்தி வந்தது. இன்று மேகமூட்டம், லேசான தூறல், வெப்பம் வெகுவாகக் குறையும். மகளின் அலுவலகம் அனுப்பியதிலேயே உருப்படியான செய்தி! பதினொன்றரைக்குப் பார்த்தேன், சமையலறை முப்பத்துமூன்று. பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம், முப்பத்துநாலு. நான் வடக்கு அறையில் காலை நீட்டிப் படுத்தேன். மழை வாசனை வந்தது. கண்ணை மூடினேன்.

மணி பன்னிரண்டு.

"எச்சரிக்கை. சமையலறை. முப்பத்தொன்பது டிகிரி."

வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்து ஓடினேன். சமையல்கட்டில் சில்லென்று காற்று. கருவியை ஒட்டினாற்போல ஒரு டம்ளர். என் டம்ளர். ஆவி பறந்துகொண்டிருந்தது. மனைவி என்னைத் தாண்டிக்கொண்டு வடக்கு அறைக்குப் போனாள்.

"இது அநியாயம்!" என்றேன்.

"அளவுதாங்க பேசணும், அபிப்பிராயம் பேசக்கூடாது" என்று உள்ளிருந்து குரல் வந்தது. கூடவே மிஷின் சத்தமும்.

விடுவேனா? உடனே மகளுக்குப் போன் போட்டேன்.

"அம்மாடி, திருட்டு நடந்திருக்கு! சமையல்கட்டு அளவைப் பாரு. ஒரே தாவா ஏறியிருக்கும். வெந்நீர்! கையும் களவுமா பிடிச்சிட்டேன்!"

"தெரியும்பா. அம்மா காலையிலேயே சொல்லிட்டாங்க. இன்னைக்கு உங்க வீட்டு அளவை ஆபீஸ்ல எடுத்துக்கல."

"அப்ப நான் சமைக்க வேண்டாமா?"

"அதைப் பத்தி அம்மா ஒண்ணும் சொல்லலப்பா. காய்க்குத் தண்ணி பத்தாதாம், அந்த டம்ளர்ல இருக்கறதை அதுல ஊத்திடச் சொன்னாங்க."